மனநல கவுன்சிலரிடம் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

மூணு வாரமா தூக்கமில்லை, வகுப்புக்கும் போகலை, கவுன்சிலர்கிட்ட போனா அப்பாவுக்கு போன் போயிடுமோன்னு பயம்னு எழுதியிருக்கீங்க. அதே பயத்துல நான் அந்த அறை வாசல்ல ரெண்டு தடவை நின்னுட்டு திரும்பி வந்திருக்கேன். மூணாவது தடவைதான் கதவைத் தட்டினேன்.

உட்கார்ந்ததுமே, "நான் பேசுறதை யார்கிட்ட சொல்வீங்க?"ன்னு நேராவே கேட்டுடுங்க. தப்பா நினைக்க மாட்டாங்க. பொதுவா உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாதான் வெளியே சொல்வாங்க.

அவங்க ஒரு தாள் கொடுக்கலாம், மனச்சோர்வு எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற கேள்வித்தாள், பிஹெச்க்யூ-9னு பேரு. கடந்த 2 வாரத்தைப் பத்தி 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை. தயவுசெஞ்சு குறைச்சுப் போடாதீங்க. நான் எல்லாத்துக்கும் 0, 1னு போட்டு ஒரு மாசத்தை வீணாக்கினேன். கடைசிக் கேள்வி சாகணும்கிற எண்ணத்தைப் பத்தினது. அந்த எண்ணம் இப்பவே இருக்குன்னா சந்திப்பு நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க, பக்கத்து அறையில இருக்கிறவங்களை எழுப்பி உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நடுராத்திரியா இருந்தாலும் சரி.

அங்க போய் வாய் வரலைன்னா, இங்க எழுதினதையே போன்ல எடுத்துக் காட்டுங்க. அந்தக் கவுன்சிலர் ஒத்துவரலைன்னா வேற ஒருத்தரைக் கேக்கலாம், அதுக்குத் தயங்கவே வேண்டாம். போயிட்டு வந்து ஒரு வரி எழுதுங்க, பார்த்துட்டே இருப்பேன்.