இணைகோடுகள் சந்திக்காது என்பது இயற்கையின் உண்மையா, நாம் வகுத்த விதியா?

கடற்கரை ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு வானம் தோண்டிய அன்று, கொத்தனார் நூல் கட்டி ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்தார். குறுக்கே சரியாக ஐந்தடி வரும்வரை முளைக்குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டார். அந்த மூலை செங்கோணமாக அமையும் என்பது பிதாகரஸ் தேற்றம். அதற்குப் பண்டைக் கிரேக்கக் கணிதர் யூக்ளிடின் ஐந்தாவது எடுகோள் (நிறுவாமல் ஏற்கும் கூற்று) துணை நிற்கிறது. அதை இப்படிச் சொல்லலாம்: ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் உண்டு.

அதே கரையில் நின்று, கடலுக்குப் போகும் படகைப் பாருங்கள். முதலில் அடிப்பகுதி மறையும், கொடிக்கம்பம் கடைசியில். நிற்பவர் கண்ணுக்குத் தொடுவானம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர்தான். பூமியின்மேல் 197 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு முக்கோணம் வரைந்தால், கோணங்களின் கூடுதல் 180 பாகையைவிட ஒரு விநாடி, அதாவது பாகையில் 3600-இல் ஒரு பங்கு, மிகும். 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய அதிகாரி லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவை இந்த மிகையையும் கணக்கில் சேர்த்தது. கொத்தனாரின் மூலைக்கு அது தேவைப்படவில்லை.

பூமிதானே வளைந்திருக்கிறது, நம்மைச் சூழ்ந்த வெளி இல்லையே என்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு பரப்பைவிட்டு வெளியேறாமல், அதன்மேலேயே அளந்து அதன் வளைவை அறியலாம் என்று 1827-இல் ஜெர்மானியக் கணிதர் காஸ் நிறுவினார். 1854-இல் அவர் மாணவர் ரீமான் அதே எண்ணத்தை வெளிக்கே கொண்டுசென்றார்: நாம் வாழும் வெளி எத்தகையது என்பதை அனுபவத்தில்தான் அறிய முடியும். அதற்கு முன்பே கணிதர்கள் லொபசெவ்ஸ்கியும் போயாயும் ஐந்தாவது எடுகோளைக் கைவிட்டு வேறொரு வடிவியலைக் கட்டியிருந்தார்கள்.

வெளி என்பது அனுபவத்தில் கற்றதல்ல, காண்பதற்கு மனமே கொண்டுவரும் வடிவம் என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் (1781). இதில் பாதியை மனதார ஏற்கிறேன். படகில்லாத வெளியை நினைக்க முடிகிறது. வெளியில்லாத படகை முடியவில்லை. ஆனால் அது யூக்ளிடின் வெளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். 1919 மே 29 கிரகணத்தின்போது, சூரியன் ஓரமாக வந்த விண்மீன் ஒளி, நிறை வெளியையும் காலத்தையும் வளைக்கிறது என்ற கொள்கைப்படி ஐன்ஸ்டைன் கணித்தபடியே விலகியது.

ஆகவே என் பதில்: கணிதத்துக்குள் அது நாம் தேர்ந்துகொள்ளும் எடுகோள், உலகத்தைப் பற்றிச் சொன்னால், அளந்து பார்க்க வேண்டிய கூற்று. எந்த அளவீடு வந்தாலும் இயற்பியல் விதிகளை மாற்றிக்கொண்டு யூக்ளிடைக் காப்பாற்றலாம் என்பது பிரெஞ்சுக் கணிதர் புவான்கரேயின் வாதம். காப்பாற்றலாம்தான். அதற்கு எல்லா அளவுகோல்களையும் கடிகாரங்களையும் ஒரேபோல் திரிக்கும், வேறெதிலும் தென்படாத விசை ஒன்றைக் கற்பிக்க வேண்டியிருக்கும். அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.