பல்லியின் மூளையில் மெலடோனின் எங்கே செயல்படுகிறது?

கேள்வி: மெலடோனின் இரவில் சுரந்து உடலுக்கு இருளை அறிவிக்கிறது என்கிறார்கள். பல்லி, ஓணான் போன்ற ஊர்வனவற்றின் மூளையில் அது எந்தப் பகுதியைச் சென்று சேர்கிறது?

பதில்: மெலடோனின் இரத்தத்தில் கலந்து மூளை முழுவதும் பரவினாலும், அதற்குரிய ஏற்பிப் புரதங்கள் இருக்கும் இடங்களில்தான் அது ஏற்பிகள் வழியாகச் செயல்பட முடியும். ஆகவே ஆய்வாளர்கள் தேடியது ஏற்பிகளைத்தான். கதிரியக்க அயோடின்-125 இணைத்த மெலடோனினில் மூளையின் மெல்லிய சீவல்களை ஊறவைத்துப் படச்சுருளின் மேல் வைத்தால், அது பற்றிக்கொண்ட இடங்கள் கருமையாகப் பதியும். பல்லி, ஆமை ஆகியவற்றில் இவ்வாறு பார்த்தபோது, விழித்திரையிலிருந்து வரும் நரம்பு இழைகள் முடியும் பகுதிகள், குறிப்பாக நடுமூளையின் மேற்கூரை, தெளிவாகத் தெரிந்தன. பாலூட்டிகளைக் காட்டிலும் பறவைகளிலும் ஊர்வனவற்றிலும் பார்வை சார்ந்த பகுதிகளில் ஏற்பிகள் பரவலாக உள்ளன. உடலின் அன்றாடத் தாளத்தை நடத்தும் நாள்கடிகாரத்தை மட்டுமே எதிர்பார்த்தவருக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் ஏற்பி இருப்பதாலேயே அங்கு நடக்கும் வேலை புரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அதற்கு நடத்தைச் சோதனை வேண்டும். அமெரிக்காவின் வேலிப் பல்லிகளை மாறாத வெளிச்சச் சூழலில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் மெலடோனின் ஊசி போட்டபோது அவற்றின் நடமாட்டத் தாளம் ஊசி நேரத்தோடு ஒத்திசைந்தது. இத்தாலியச் சுவர்ப் பல்லிகளிலோ, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே உள்ள சிறு நரம்புக் கருவைச் சிதைத்தபோது அத்தாளமே குலைந்தது. மெலடோனின் நாள்கடிகாரத்தைத் திருத்தும் முக்கிய இடம் இக்கருவே என்று கருதுவதற்கு இவை வலுவான காரணங்கள். மேற்கூரையில் மெலடோனினின் பங்கு பார்வைச் செய்திகளைப் பக்குவப்படுத்துவதாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எல்லா இனங்களுக்கும் ஒரே விதி பொருந்தாது. பச்சை இகுவானா என்ற பெரிய பல்லியினத்தில், மெலடோனினைச் சுரக்கும் மூளைச் சுரப்பியான பினியல் சுரப்பியை அகற்றினால் உடல் வெப்பநிலையின் அன்றாட ஏற்ற இறக்கம் மறைந்துவிடுகிறது. நடமாட்டத் தாளமோ பெரிதும் மாறாமல் தொடர்கிறது.

கேள்வி: முதலைக்கும் இதே ஏற்பாடுதானா?

பதில்: இல்லை. முதலை இனத்துக்குப் பினியல் சுரப்பியே கிடையாது. முதுகெலும்பிகளின் விழித்திரையும் மெலடோனின் சுரக்கக்கூடியது என்பதால், முதலைகளிடம் மெலடோனின் அறவே இல்லை என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம்.