கைக்குழந்தையோடு படிக்கும் வகுப்புத் தோழிக்கு நாங்கள் எப்படி உதவலாம்?

கேட்ட விதத்தைப் பார்த்தால், எல்லாரும் காசு போட்டு ஏதோ பரிசு வாங்கும் யோசனையில் இருக்கிறீர்கள் போல. பொம்மை வேண்டாம். அவர் தாய்ப்பால் எடுக்க, தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவர் தனியாகப் போய்த் துறைத்தலைவரிடம் கேட்கக் கூச்சப்படுவார், நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

நான் முதுகலை படிக்கும்போது மகள் கைக்குழந்தை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, வகுப்பில் உட்கார்ந்துகொண்டு எப்படி? மூன்று நான்கு மணி நேரம் போனால் மார்பு கல்லாக இறுகிவிடும். பாலை எடுக்காமல் விட்டால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், போகப் போகச் சுரப்பும் குறையும். கல்லூரியில் எனக்குக் காட்டிய இடம் கழிப்பறை. அதற்கு ஆய்வகத்தை ஒட்டிய ஸ்டோர் ரூமே மேல் என்று, கதவுக்கு முட்டாக நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்து எடுப்பேன். எடுத்த பால் 25 டிகிரிக்குள் 4 மணி நேரம்தான் தாங்கும், ஃபிரிட்ஜில் வைத்தால் 4 நாள். அலுவலக ஃபிரிட்ஜில் ஓர் ஓரம் கேட்டேன். "அதெல்லாம் இங்க எப்படிம்மா வைக்கிறது?" என்றார்கள். உள்ளே யாரோ மறந்துபோன சாப்பாட்டு டப்பா பூஞ்சை பூத்துக் கிடந்தது. அதற்கு மட்டும் இடம் இருந்தது!

"படிக்கும்போது யார் பெற்றுக்கொள்ளச் சொன்னது?" என்று இதைப் படித்துவிட்டு ஒருவர் கிளம்புவார். நான் மதிப்பெண்ணில் சலுகை கேட்கவில்லை ஐயா, எல்லாரும் எழுதிய தேர்வைத்தான் நானும் எழுதினேன்.

அப்புறம், வகுப்பு ரத்தானால் அவருக்கு முதலில் சொல்லுங்கள். குழந்தையைக் காசு கொடுத்து ஒருவரிடம் விட்டுவிட்டு ஓடி வந்து பூட்டிய வகுப்பறையைப் பார்ப்பது பெரிய கொடுமை. குழு வேலைக்கு இரவில் கூட்டம் வைக்காதீர்கள்.

குழு வேலை என்றதும் இன்னொன்று. எங்கள் குழுவில் ஒருவன், குழந்தை குட்டி எதுவும் கிடையாது, ஒரு வரி எழுதவில்லை. அகர வரிசை என்று சொல்லி அறிக்கையில் அவன் பெயர்தான் முதலில். செமினார் அன்றைக்கு மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நின்று, நான் எழுதியதை வாசித்தான். இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். அவனிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.