லூபின் என்ற பூச்செடியில் மொய்க்கும் சாம்பல் நிறப் பூச்சிக்குப் பொறிவண்டு விடலாமா?

"லூபின் பூங்கதிர் முழுக்க மாவு தூவியதுபோல் பூச்சி, பொறிவண்டு வாங்கி விடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாவுப்பூச்சி என்று யாராவது உங்களைக் குழப்பியிருப்பார்கள். ஒன்றைத் தாளில் தட்டிப் பாருங்கள். நீளமான கால்களும், பின்பக்கம் இரண்டு குட்டிக் குழல்களும் இருந்தால் அது செடியின் சாற்றை உறிஞ்சும் லூபின் அசுவினி. மாக்ரோசைபம் ஆல்பிஃப்ரான்ஸ் என்பது அறிவியல் பெயர். வட அமெரிக்கப் பூச்சி. 1981இல் பிரிட்டனில் தென்பட்டது, பிறகு ஐரோப்பாவில் பரவியது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், தோட்டக்கலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர், அசுவினியைத் தின்றுவிடும் என்று என் லூபினுக்கு ஒரு டப்பா பொறிவண்டு கொண்டுவந்து விட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வண்டுகள் கதிரில் ஏறின, முகர்ந்தன, அவருடைய ரோஜாவுக்கே பறந்துபோயின. அசுவினிகள் அசையக்கூட இல்லை.

காரணம் இதுதான். லூபின் தன்னைக் காத்துக்கொள்ளக் ஆல்கலாய்டுகள் என்னும் கசப்பான நச்சுப் பொருட்களைத் தயாரிக்கிறது. இந்த அசுவினி சாற்றோடு அதையும் உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துவைக்கிறது. அப்படிப்பட்ட அசுவினியைத் தின்ற ஒரு வகைத் தரைவண்டு ஏறக்குறைய 48 மணி நேரம் மயங்கிக் கிடந்ததாக ஆய்வே இருக்கிறது.

உடனே சண்டைக்கு வராதீர்கள். பொறிவண்டுக்கு நான் எதிரி இல்லை, ரோஜாவில் அது தங்கம். லூபின் அசுவினியை எந்தப் பூச்சியுமே தொடாது என்றும் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கி விடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நான் செய்தது: மோசமான கதிர்களை வெட்டி எறிந்தேன். மிச்சத்தைக் கையுறை போட்டு விரலால் வழித்தேன். அசுவினியின் மேலே மெழுகுப் பொடி இருப்பதால் வெறும் தண்ணீர் உருண்டோடிவிடும். பூச்சிக்கென்றே விற்கும் சோப்புக் கரைசலை இலையின் அடிப்பக்கமும் படும்படி அடித்தேன். அப்புறம் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆண் துணையில்லாமலே குட்டி போடுகிற ஜாதி, நாலு தப்பினால் கூட்டம் திரும்பிவிடும்.

லூபினிலேயே கசப்பு, அதாவது இந்த ஆல்கலாய்டு, குறைந்த வகைகளும் உண்டு. என்னுடையது எந்த வகை என்று சொல்லியிருப்பேன், ஆனால் நாற்று விற்பவர்கள் செருகித் தரும் அட்டையில் எழுத்து ஒரு மழைக்குக்கூடத் தாங்குவதில்லை. அழியாத மையில் ஒரு பெயர் எழுத என்ன கேடு? கேட்டால் "பூத்தால் தெரிந்துவிடும்" என்கிறார்கள். கசப்பு பூவிலா தெரியும்?