கீபோர்டை விற்பதற்கு முன்

ஆறு வருடமாக இணையத்தில் சொந்தப் பாட்டு போட்டும் ஒவ்வொன்றையும் ஐம்பது பேர்கூடக் கேட்கவில்லை, கீபோர்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் அந்த எண்ணிக்கை. பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. உங்களைப் போல அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் ஏராளம். அதை உங்கள் இசைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவின் சார்லஸ் ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழில் நடத்திக்கொண்டே இசை எழுதியவர். அவருடைய மூன்றாவது சிம்பொனி எழுதிப் பல பத்தாண்டுகள் கழித்து, 1946இல்தான் முதன்முதலில் மேடையேறியது. மறுவருடம் இசைக்கான புலிட்சர் பரிசும் வந்தது. பரிசுக்காக இதைச் சொல்லவில்லை, அது எல்லோருக்கும் வராது. பெரிதாக யாரும் வாசிக்காதபோதும் அவர் பல வருடம் எழுதிக்கொண்டிருந்தார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

உங்கள் பதிவிலேயே ஒரு வரி இருக்கிறது: பல்லவியின் கடைசியில் பேஸ் ஸ்வரத்தை (அடியில் கனமாக ஒலிப்பதை) ஒரு படி இறக்கியதும் பாட்டே வேறாகிவிட்டது, அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று. அந்தச் சந்தோஷத்தை யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. நீங்களே தேடிக் கண்டுபிடித்தது.

சரி, இப்போதைக்கு எண்ணிக்கை பார்ப்பதை நிறுத்துங்கள். அடுத்த பாட்டைப் பதிவேற்றாமல், தெரிந்த ஒருவரை எதிரே உட்கார வைத்து முழுதாக வாசித்துக் காட்டுங்கள். அப்புறமும் விற்கத் தோன்றினால் விற்கலாம். அதற்குள் அந்தப் பல்லவியை எனக்கு அனுப்புங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.