வாசகர் கேள்வி – பதில்: மலிவாகப் போகும் கையெழுத்து

கேள்வி: எங்கள் ஊராட்சியில் நெல்வயல் ஒன்றை மண் கொட்டி மேடாக்கினார்கள். அதைக் கண்டும் காணாதிருக்க உறுப்பினர் ஒருவர் இருபத்தைந்தாயிரம் ரூபாய் வாங்கினார் என்று ஊரே பேசுகிறது. மனையாக்கி விற்றால் அந்த நிலம் ஒரு கோடிக்குப் போகும். இவ்வளவு சொற்பத்துக்கா ஒருவர் இணங்குவார்?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஊர்ப்பேச்சை அப்படியே மெய்யென்று கொள்ள வேண்டியதில்லை, ஆனால் தாங்கள் சொல்லும் தொகையில் வியப்பதற்கு ஏதுமில்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்காகப் பணம் வாங்கிய பதினோரு உறுப்பினர்களை 2005 டிசம்பரில் மறைகாமிரா காட்டிக்கொடுத்தபோது, அவர்கள் வாங்கிய தொகை 15,000 ரூபாயிலிருந்து 1,10,000 ரூபாய் வரைதான் இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் பதினோரு பேரும் பதவி நீக்கப்பட்டார்கள். அதற்கு முன், 2001-இல், ஆளுங்கட்சியின் அகில இந்தியத் தலைவராக இருந்த பங்காரு லட்சுமண், இல்லாத ஒரு ஆயுத நிறுவனத்தின் பெயரில் வந்தவர்களிடம் வாங்கியது ஒரு லட்சம். அதற்காக 2012-இல் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கொடுப்பவருக்குக் கிடைக்கும் இலாபத்தை வைத்துத் தாங்கள் விலையைக் கணக்கிடுகிறீர்கள். வாங்குபவரோ தமக்கு என்ன குறைகிறது என்று பார்க்கிறார். வயல் மேடானால் மழைநீர் நிற்க இடமின்றி அண்டை வீட்டுக் கிணறு வற்றலாம், கீழ்மடைக்காரரின் பயிர் காயலாம். உறுப்பினரின் அடுப்பில் உலை வழக்கம்போலக் கொதிக்கும். தம்முடையதல்லாத ஒன்றை விற்பவருக்கு அடக்கவிலை என்று எதுவும் இல்லாததால், கையில் விழுவது எவ்வளவாயினும் அவருக்கு அது வரவுதான்.

மேலும், அவர் ஒருவரே கடைவிரித்து உட்கார்ந்திருக்கவில்லை. கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி அமையும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவில் ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், உழவர் பிரதிநிதிகள் எனப் பலர் இருக்கிறார்கள். முறைகேட்டைத் தடுக்கத்தான் இத்தனை பேர் என்றாலும், ஒருவர் விலையை ஏற்றினால் கொடுப்பவர் அடுத்தவர் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதும் அதே ஏற்பாட்டினால் விளைவதே. “வேலை முடிந்ததும் பத்து விழுக்காடு தருகிறேன்” என்ற வாக்கை நம்பவும் வழியில்லை. கொடுக்காவிட்டால் எந்த நீதிமன்றத்தில் போய் வழக்குத் தொடுப்பது? ஆகவே முன்பணமாக வருவதோடு அவர் நிறைவடைந்துவிடுகிறார். இவ்வளவு பெரிய ஆதாயத்துக்கு இவ்வளவு சிறிய செலவா என்ற புதிரை அமெரிக்கப் பொருளியலாளர் கார்டன் டல்லக்கும் எழுப்பியிருக்கிறார். பொருளியல் நூல்களில் அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நம் கண்ணில் படுபவை உறையில் வைத்துக் கொடுத்த தொகைகள் மட்டுமே. மைத்துனர் பெயரில் குவாரிப் பங்காகவும், மகன் பெயரில் நெடுஞ்சாலையோர நிலமாகவும் போய்ச் சேர்வது எந்தக் காமிராவிலும் விழாது. எனவே அரசியல்வாதிகள் எல்லோருமே மலிவானவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலிவானவர்களே எளிதில் அகப்படுகிறார்கள் என்பதே சரி.

தங்கள் வட்டாரத்திலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பிளாச்சிமடா குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று 2003-இல் முடிவெடுத்தது பெருமாட்டி ஊராட்சிதான். மறு ஆண்டு மார்ச்சில் ஆலை நின்றது. முதலில் உரிமம் கொடுத்ததும் அதே ஊராட்சி என்பதைக் கவனியுங்கள். இடைப்பட்ட காலத்தில், ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதை எதிர்த்து, அதன் வாசலில் பழங்குடிப் பெண்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையெழுத்திடுபவர் இழக்கக்கூடியது மிகுதியாகிவிடுகிறது.

கேள்வி: ஊதியத்தை உயர்த்திவிட்டால் இலஞ்சம் ஒழிந்துவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, நகரி

பதில்: மேலே சொன்ன பதினோரு பேர் 2005-இல் பிடிபட்டபோது நாடாளுமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் 12,000 ரூபாய், இன்று 1,24,000. பத்து மடங்கு உயர்ந்த இந்த ஊதியத்துக்கேற்ப ஒழுக்கமும் உயர்ந்ததாகத் தங்களுக்குத் தோன்றுகிறதா? உலகிலேயே மிக அதிக ஊதியம் பெறும் அமைச்சர்களுள் ஒருவராக இருந்த சிங்கப்பூரின் ஈஸ்வரன், கார்ப்பந்தய நுழைவுச்சீட்டு, விஸ்கி, மிதிவண்டி முதலியவற்றைப் பரிசாகப் பெற்றதற்காக 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவரால் வாங்க முடியாத மிதிவண்டியா அது?

கேள்வி: அவர்களை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும்? ஓட்டுக்குப் பணம் கொடுத்தால் நாங்களும்தானே வாங்கிக்கொள்கிறோம்?
– ஒரு வாசகர், சித்தூர்

பதில்: தங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள வேலூரில், 2019-இல், சுமார் 11 கோடி ரூபாய் பறிமுதல் செய்யப்பட்டதால் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்டு மாதத்தில்தான் நடந்தது. அப்போது ஒரு வேட்பாளர் செலவிடச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு 70 லட்சம். இப்போது 95 லட்சம். இந்த வரம்புக்கு மேல் இறைக்கும் பணம் பெரும்பாலும் கடன், அல்லது கடனைப் போல் திருப்பிச் செய்ய வேண்டிய நன்றி.

வென்ற பிறகும் செலவு நிற்பதில்லை. விடிந்தால் வாசலில் இருபது பேர்: ஒருவருக்கு மகள் திருமணம், ஒருவருக்கு மருத்துவச் செலவு, கங்கையம்மன் ஜாத்திரைக்கு நன்கொடை, கட்சித் தொண்டருக்குப் பெட்ரோல். வெறுங்கையோடு அனுப்பினால் “ஜெயித்ததும் மாறிவிட்டார்” என்ற பெயர் வரும். இந்த நெருக்கடியை நன்கறிந்த ஒப்பந்தக்காரர், இலஞ்சம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “ஜாத்திரைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா” என்று, பதிலுக்கு எதையும் கேட்காமல், வைத்துவிட்டுப் போகிறார். அதை வாங்கியவர் ஆறு மாதம் கழித்து வரும் கோப்பைத் திருப்பி அனுப்ப முடியாது. தொகை சிறிதாக இருப்பதே அதன் வலிமை. பெரிய தொகையாக இருந்திருந்தால் அச்சப்பட்டு மறுத்திருப்பார்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பதைத் தாங்கள் அறிந்தே கேட்டிருப்பீர்கள். ஆயினும் ஐந்தாண்டுக்கொரு முறை சில நூறு ரூபாய் வாங்குபவரையும், ஊரின் ஆற்றுமணலை விட்டுக்கொடுப்பவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அவையில் வாக்களிக்கப் பணம் வாங்கினால் வழக்கே போட முடியாது என்பது உண்மையா?
– ஒரு மாணவர், குப்பம்

பதில்: 2024 மார்ச் 4 வரை ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. நந்தியால் தொகுதி உறுப்பினராக இருந்த பிரதமர் நரசிம்ம ராவின் அரசு 1993-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலிருந்து 265க்கு 251 என்ற கணக்கில் பிழைத்தது தொடர்பான வழக்கில், பணம் வாங்கிக்கொண்டு சொன்னபடி வாக்களித்தவர்களுக்கு அரசமைப்பின் பாதுகாப்பு உண்டு, வாங்கிவிட்டு வாக்களிக்காதவருக்கு இல்லை என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பேச்சு மாறாதவருக்குப் பரிசளித்த தீர்ப்பு என்றே சொல்லலாம்! ராவ் பின்னர் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். எழுவர் அமர்வு அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கிய பின், பணத்தைப் பெற்ற கணமே குற்றம் முழுமையாகிவிடுகிறது.

கேள்வி: வேறு வழியின்றி ஓர் உறுப்பினருக்குப் பணம் கொடுத்துவிட்டேன். நானும் குற்றவாளியா?
– பெயர் வெளியிட விரும்பாதவர், பாலக்காடு

பதில்: ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தப்படி கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புலனாய்வு அமைப்பிடம் தெரிவித்தால் அந்தப் பிரிவு அவர்மீது பாயாது. ஊராட்சி உறுப்பினரும் இச்சட்டப்படி பொது ஊழியரே. தங்கள் கடிதத்தில் தேதி இல்லை. ஏழு நாள் கடந்திராவிட்டால் இன்றே கேரள விஜிலன்ஸின் கட்டணமில்லா எண்ணான 1064-ஐ அழையுங்கள். கடந்துவிட்டதென்றால், வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்ட பிறகு செல்லுங்கள்.