டிப்ளமோ இல்லாமல் வீட்டு உள் அலங்காரத் தொழிலில் இறங்கலாமா?

கேள்வி: சேலத்தில் வசிக்கிறேன். வயது 28, பி.ஏ. முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டின் உள் அலங்காரத்தை நானே திட்டமிட்டு, ஆசாரியை வைத்துச் செய்து முடித்தேன். அதைப் பார்த்த உறவினர்கள் தங்கள் வீட்டையும் செய்து தரச் சொல்கிறார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ இல்லாமல் இத்தொழிலைச் செய்யவே முடியாது என்று ஒரு பயிற்சி நிறுவனம் சொல்லி, ஓராண்டுப் படிப்புக்கு 2.25 லட்சம் ரூபாய் கேட்கிறது. இன்னொரு நிறுவனம், 40,000 ரூபாய் கட்டினால் வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தருவதாகச் சொல்கிறது. எதில் பணத்தைப் போடுவது?

பதில்: பயிற்சி நிறுவனம் உங்களிடம் சொன்னது உண்மையல்ல. வீட்டு உள் அலங்கார வடிவமைப்பாளராகத் தொழில் செய்ய நம் நாட்டில் பட்டமோ உரிமமோ சட்டப்படி கட்டாயமில்லை. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்கள் சட்டம் பதிவு பெற்றவர்களுக்கென்று ஒதுக்கியிருப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரை மட்டுமே. அது தடுப்பது பெயரைத்தானே தவிர வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2020இல் தெளிவுபடுத்திவிட்டது. எனவே உங்கள் விசிட்டிங் கார்டில் அந்தப் பெயரைப் போடாதீர்கள். சுவரை இடிக்கும் வேலை வந்தால் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

படிப்பு வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அளவெடுத்து, ஆசாரி வேறு கேள்வி கேட்கத் தேவையில்லாதபடி வரைபடம் போடக் கற்றுக்கொள்ளாமல் இத்தொழிலில் நிலைக்க முடியாது. ஆனால் அதற்கு ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் என்ற வரைபட மென்பொருள்கள் இரண்டையும் தனியாகப் பயின்று, ஒரு வடிவமைப்பாளரின் அலுவலகத்திலோ மாடுலர் கிச்சன் தொழிற்கூடத்திலோ, குறைந்த சம்பளமானாலும், ஓராண்டு வேலை பார்ப்பதே மேல். வகுப்பறையில் கணினிப் படம் மினுமினுக்கும். மாவரைக்கும் கிரைண்டரை எங்கே வைப்பது, அதற்கான பிளக் பாயின்ட்டை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே எந்த உயரத்தில் குறிப்பது, கேஸ் சிலிண்டரை அலமாரிக் கதவில் இடிக்காமல் எப்படி வெளியே எடுப்பது என்பவற்றையெல்லாம் சைட்டில் நின்றால்தான் கற்க முடியும். சான்றிதழை அச்சடித்துக் கொடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை மாணவரைச் சைட்டுக்கு அழைத்துப் போவதில் இந்த நிறுவனங்கள் காட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் தொழிலையே கெடுக்கக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் வேலை தொடங்கிய உடனேயே பிளைவுட் கடைக்காரரும் ஹார்டுவேர் கடைக்காரரும் உங்களுக்குக் கமிஷன் தர முன்வருவார்கள். வாங்காதீர்கள். அந்தப் பணத்தைக் கடைக்காரர் தம் லாபத்திலிருந்து கொடுப்பதில்லை. விலையில் ஏற்றியோ தரத்தில் குறைத்தோ வீட்டுக்காரரிடமிருந்தே எடுக்கிறார். சிங்க்குக்குக் கீழே வரும் அலமாரிக்கு ஐ.எஸ். 710 தரத்து மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) என்று பேசியிருப்பார்கள். வந்து இறங்கும் பலகையிலோ மரைன் என்ற எழுத்து பெரிதாக இருக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்காது. முத்திரை இருந்தால் அதன் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். 18 மில்லிமீட்டர் என்று பில் போட்ட பலகையைக் தடிமன் அளக்கும் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். கமிஷன் வாங்கியவரால் இந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. எல்லாரும்தானே வாங்குகிறார்கள் என்று சங்கங்களும் மூத்தவர்களும் கண்டுகொள்ளாமல் இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அடுத்தது வரி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். உங்களுக்கு அவ்வளவு வருமானம் வர நாளாகும், ஆகவே கவலை வேண்டாம் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பலரும் மாட்டிக்கொள்வது அதில்தான். பொருள், கூலி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வீட்டை 11 லட்சத்துக்கு டர்ன்கீயாக ஒப்புக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் நிற்பது ஒரு லட்சமே ஆனாலும், கணக்கில் உங்கள் வரவு 11 லட்சம்தான். அதே ஆண்டில் அப்படி இன்னொரு வீட்டை எடுத்தால் 22 லட்சமாகிவிடும். கையில் நின்றது 2 லட்சம், வரம்பையோ தாண்டிவிட்டீர்கள். தாண்டிய பிறகு 18 சதவீத வரியைக் கேட்டால், முன்பே பேசி முடித்த விலைக்கு மேல் வீட்டுக்காரர் ஒரு ரூபாய் தர மாட்டார். ஆசாரியிடமும் பெயின்டரிடமும் ஜி.எஸ்.டி. பில் இருக்காது என்பதால் அவர்களுக்குக் கொடுத்த கூலியில் வரிக்கழிவும் கிடைக்காது. ஆகவே தொடக்க ஆண்டுகளில் டர்ன்கீ எடுக்காதீர்கள். பில் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கட்டும். கடைக்கும் ஆசாரிக்கும் அவரே நேரடியாகப் பணம் கொடுக்கட்டும். உங்களுக்கு வருவது வடிவமைப்பு, மேற்பார்வைக் கட்டணம் மட்டுமாக இருந்தால் கணக்கும் எளிது, கமிஷன் சந்தேகமும் எழாது.

வாடிக்கையாளரைப் பிடித்துத் தரும் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். இணையத்தில் எதையோ விசாரித்த ஒருவரின் தொலைபேசி எண்ணை உங்களுக்கும் இன்னும் நான்கைந்து பேருக்கும் விற்பார்கள். கடைசியில் யார் சதுர அடி விலையைக் குறைக்கிறார் என்ற போட்டியாக அது முடியும். வீட்டைச் செய்து தரக் கேட்டு ஏற்கெனவே வாசலில் வந்து நிற்கும் உறவினர்கள் இருக்க, உங்களுக்கு அது தேவையுமில்லை. அந்த உறவினர்களிடமும் கட்டணம் பேசித்தான் தொடங்க வேண்டும். எத்தனை அறைகள், எத்தனை முறை வரைபடத்தை மாற்றித் தருவீர்கள், எத்தனை தடவை சைட்டுக்கு வருவீர்கள், எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு தர வேண்டும் என்பதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் வராமல் முப்பரிமாணப் படத்தை அனுப்பாதீர்கள்; அதை வாங்கி ஆசாரியிடம் நேராகக் காட்டிச் செய்துகொள்பவர்கள் உறவிலும் உண்டு.